இடிப்பதற்கு முன்

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொல்லி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டது அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013இல். தஞ்சைப் பெரிய கோயிலில் கலசம் ஏறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுக்கு இன்னும் ஓராண்டுதான் ஆயுள். ஆணையோடு ஒரு நிபந்தனையும் வந்தது: சுவர்களைப் பிரிக்கும் முன்பு, அவற்றில் வெட்டியிருக்கும் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே எடுத்தார்கள். பழைய சுவர் இறங்கியது, புதிய சுவர் எழுந்தது. ராஜராஜன் மறைந்த பிறகு, மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி கல்லில் ஏற்றினார்கள். நடந்த கதையையும் சேர்த்தே வெட்டிவைத்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

வரலாற்று நூல்களில் இதற்கு இரண்டு வரி கிடைக்கும். காந்தளூர்ச் சாலை வெற்றிக்கும் ஈழப் படையெடுப்புக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. என்னைக் கேட்டால், சோழர் வரலாற்றிலிருந்து ஒரு சாதாரண மனிதன் தன் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த இரண்டு வரியைத்தான்.

அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருந்திருக்கும்? சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் பல விளக்குக் கணக்குதான். ஒருவர் நந்தா விளக்கு ஒன்று வைக்க விரும்பினால் கோயிலுக்கு 96 ஆடுகள் கொடுப்பார். கோயில் அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டிகளைக் கொண்டு இடையர் சரிக்கட்டிக்கொள்வார். ஆகவே கல்வெட்டில் அவை சாவாத, மூவாத ஆடுகள். ஏற்பாடு நிலவும் கதிரும் உள்ளவரைக்கும். அரசிகள் வைத்த விளக்கு உண்டு, அதிகாரிகள் வைத்தது உண்டு, வணிகர்கள், போர்வீரர்கள், எந்தப் பட்டமும் இல்லாத பெண்கள் வைத்ததும் உண்டு.

இந்த எழுத்து அழிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இடையரின் பேரன் ஆடே வாங்கவில்லை என்று சொல்லிவிடலாம். கோயில் கணக்கரும் அவரும் கூடிப் பேசிக்கொள்ளலாம். ஒருநாள் அந்த விளக்கு எரியாது. கொடுத்தவர் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும். வந்து கேட்க ஆள் இல்லை. யாருக்கும் நட்டம் தெரியாது. கேட்க நாதியில்லாதவரிடம் பட்ட கடன் இது. கடன்களில் இதைப் போல எளிதாக ஏமாற்றக்கூடியது வேறில்லை. அதைத்தான் ராஜராஜன் முதலில் எழுதி வைக்கச் சொன்னான். வரப்போகிற விமானம் அவன் பெயரைச் சொல்லப்போகிறது. போகிற சுவரில் இருப்பது அடுத்தவர்கள் பெயர்.

இதில் நான் அரசனை விட அதிகமாக நினைத்துக்கொள்வது இன்னொருவரை. 1013க்கும் 1026க்கும் நடுவில் பதிமூன்று ஆண்டுகள். ஓர் அரசன் போய் இன்னொருவன் வந்துவிட்டான். சோழப் படை கங்கை வரை போய்த் திரும்பியது. தலைநகரே தஞ்சையை விட்டுக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்தது; அந்த ஊரும் திருமழபாடியைப் போலவே இன்று அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1025இல் கப்பல்கள் கடாரத்துக்குப் போயின. இவ்வளவு அமளிக்கும் நடுவே, யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கரையான் அரிக்காமல், மழையில் நனையாமல் வைத்துக் காத்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போன ராஜாவே இல்லை, இனி இது எதற்கு என்று அவர் பரணில் வீசியிருந்தால் கேட்பார் இல்லை. கடாரம் கொண்டவனின் மெய்க்கீர்த்தி ஊருக்கு ஊர் இருக்கிறது. இவருக்கு ஒரு வரி கிடையாது.

திருமழபாடிக்குப் பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் பெரிது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்ற நம்பிக்கையில் பெண்ணுக்கும் பையனுக்கும் வரன் தேடுகிற பெற்றோர் வந்து நிற்பார்கள். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் ஆற்றைத் தாண்டி வரும். அந்த நெரிசலில் சுவரில் சாய்ந்து நிற்கிறவர் தோளுக்குப் பின்னால் எவரோ விட்ட ஆடுகளின் கணக்கு இருக்கலாம். திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. தேவார மூவரும் பாடிய தலம். சுந்தரர் இந்தப் பக்கம் வராமல் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தபோது, ஆலம்பொழிலில் அவர் கனவில் சிவன் வந்து மழபாடியை நினைக்க மறந்துவிட்டாயா என்று கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் விழித்தெழுந்து காவிரியைக் கடந்து வந்து பாடினார். மறதியை இறைவனே கண்டிக்கிற ஊர்.

இந்தப் பகுதி மழவர்களின் நாடு. சங்கப் பாடல்களிலேயே பேர் வாங்கிய வீரக்குடி. பின்னால் அவர்கள் சிற்றரசர்களாக ஒடுங்கினார்கள். பக்கத்தில் பழுவூரில் பழுவேட்டரையர்கள், ஆற்றுக்குத் தெற்கே முத்தரையர்கள். வடக்கே பல்லவரும் தெற்கே பாண்டியரும் இவர்களை நடுவில் வைத்து முட்டிக்கொண்டிருந்தபோது, 9ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பறித்தான். அதற்கு முன் அவன் குடும்பம் பல நூறு ஆண்டுகள் இருந்த இடம் தெரியாமல் இருந்த குடும்பம்.

மேலே வருகிறவர்களின் கதையில் யாரும் சுத்தமாக வருவதில்லை. குடந்தைக்கு அருகே திருப்புறம்பியத்தில் பாண்டியன் இரண்டாம் வரகுணனுக்கு எதிராகப் பல்லவன் அபராசிதன், கங்க அரசன் பிருதிவீபதி, விசயாலயன் மகன் ஆதித்த சோழன் மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள். பிருதிவீபதி அந்தக் களத்தில் மடிந்தான். நண்பன் அபராசிதனின் பெயர் பொய்க்காதிருக்கத் தன் உயிரைக் கொடுத்தான் என்று அவன் பேரனின் உதயேந்திரம் செப்பேடு பேசுகிறது. பாண்டியன் தோற்றான். கொஞ்ச காலம் கழித்து, அதே அபராசிதனின் யானை மேல் பாய்ந்து அவனைக் கொன்றவன் ஆதித்த சோழன். ஒரே களத்தில் ஒரே பக்கம் நின்ற இருவரில் ஒருவன் அவனுக்காகச் செத்தான், இன்னொருவன் அவனையே கொன்றான். இந்த இரண்டாவது மனிதனின் வழியில் வந்தவர்கள்தான் நாம் கொண்டாடும் சோழர்கள். சோழரின் கன்னியாகுமரிக் கல்வெட்டு அதைப் புகழாகவே சொல்கிறது.

949இல் தக்கோலத்தில் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மீதிருந்தபடியே இறந்தான். ராஷ்டிரகூடர் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்கன் பூதுகன் கையால். இந்தச் செய்தியைச் சொல்லும் ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டு உண்மையில் எழுந்தது ஒரு நாய்க்காக. பூதுகனின் வீரன் மணலேரன் பரிசாகக் கேட்டு வாங்கிய காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது. அதற்கு நட்ட நடுகல் அது. சோழப் பட்டத்து இளவரசனின் சாவு ஒரு நாயின் நினைவுக்கல்லில் இடம்பிடித்தது. யாருடைய நினைவை யார் காப்பாற்றிக் கொடுப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது.

அந்தத் தோல்விக்குப் பின் சோழ அரண்மனை தள்ளாடிய காலம் முழுவதும் உடனிருந்தவர் செம்பியன் மாதேவி. மழவரையர் குலத்துப் பெண், கண்டராதித்தரின் மனைவி. கணவர் இறக்கும்போது மகன் உத்தமன் சிறுவன். அடுத்தடுத்து அரசர்கள் வந்தார்கள், போனார்கள். ஓர் இளவரசன், ஆதித்த கரிகாலன், கொலையுண்டான். அரண்மனைச் சதிகளில் இறங்க அந்த அம்மாவுக்குக் காரணம் இருந்தது, வாய்ப்பும் இருந்திருக்கும். அவர் செய்ததாக நமக்குக் கிடைப்பது செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றியது. திருநல்லத்தில், இன்றைய கோனேரிராஜபுரத்தில், கட்டியது தானாக இருந்தும் கணவர் பெயரில் கட்டி, அவர் லிங்கத்தைக் கும்பிடுவதாகச் சிற்பம் வைத்தார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலை மாற்றிக் கட்டியபோது, அங்கே கிடந்த பல்லவர், பாண்டியர் காலத்துப் பழங்கற்களின் எழுத்தைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார்.

பல்லவரும் பாண்டியரும் அவர் புகுந்த வீட்டின் பரம்பரைப் பகைவர்கள். அவர்கள் ஆட்சியாண்டைப் போட்டுக் குறித்த தானங்களைச் சோழர் வீட்டுப் பெண்மணி சோழர் கோயிலில் திரும்ப எழுதி வைக்கிறார். ராஜராஜனுக்கு அவர் பெரிய பாட்டி முறை. அவன் மழபாடியில் சொன்னது சொந்த யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் பழக்கங்கள் வீட்டில் பார்த்துத்தான் வரும் என்று நான் நினைக்கிறேன். பட்டம் தன்னைத் தேடி வந்தபோதும், சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை அது வேண்டாம் என்று, அப்போது அருண்மொழியாக இருந்த ராஜராஜன் ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985 வரை காத்திருந்தான். செப்பேடு அரசனைப் புகழத்தானே எழுதப்படும் என்று சிரிக்கலாம். ஒரு வம்சம் எதைப் புகழாக நினைத்தது என்பதாவது அதில் தெரிகிறது அல்லவா?

இங்கே நிறுத்திக்கொண்டால் இது துதிபாடல் ஆகிவிடும். 1007ஆம் ஆண்டின் ஓட்டூர்க் கல்வெட்டு கன்னட நாட்டில் இருக்கிறது. சோழ இளவரசன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றான் என்கிறது. எண்ணிக்கை பகைவனின் மிகை. மற்றதை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்த இளவரசன் ராஜேந்திரன்தான். மழபாடியில் முன்னோரின் விளக்குகளை மறுபடி கல்லில் ஏற்றிய அதே ராஜேந்திரன். ஆறு தாண்டினால் அடுத்தவன் தானம், எல்லை தாண்டினால் அடுத்தவன் உயிர். இரண்டுக்கும் அவனிடம் வேறு வேறு நீதி இருந்தது.

இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. தன் சாதி, தன் ஊர், தன் கட்சி என்ற வரப்புக்குள் எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் எதையும் செய்வதை இன்றும் பார்க்கிறோம். அவர்களுடைய நல்ல குணம் பொய்யில்லை. அது வேலிக்குள் வளர்ந்த குணம், அவ்வளவுதான். ராஜராஜனிடம் கற்க வேண்டியது அந்த ஒரு செய்கை. முழு ஆளையும் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அந்தச் செய்கையும் அருகிப்போனது. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்தான். பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை சும்மா இருக்குமா? 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். மாடமும் மண்டபமும் இடித்த இடத்தில் கழுதை பூட்டி உழுததாக அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமைப்படுகிறது. பிறகு வென்ற நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, சோணாடு வழங்கியவன் என்று ஒரு பட்டமும் போட்டுக்கொண்டான். 1231இல் மூன்றாம் ராஜராஜனைச் சிறைப்பிடித்தான் காடவன் கோப்பெருஞ்சிங்கன். விடுவிக்க வந்த போசளப் படை வழியெல்லாம் ஊர்களை எரித்துப் பயிரை அழித்ததைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு கூச்சமில்லாமல் அடுக்குகிறது. காப்பாற்ற வந்தவர்கள் செய்ததே இது. 1279இல் சோழர் ஆட்சி முடிந்தது. வென்ற பாண்டியர் வீட்டில் அண்ணன் தம்பி சண்டை மூண்டிருந்தபோது 1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்தான்.

ஆனாலும் அந்த எரிப்பின் நடுவிலும் ஒன்று நடந்திருக்கிறது. திருவெள்ளறையில் ஒரு பாட்டு கல்லில் இருக்கிறது. சோழநாட்டில் சுந்தரபாண்டியன் பறிக்காத தூணே இல்லையாம். பட்டினப்பாலை பாடிய கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தானாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பகைவன், ஒரு புலவனுக்குக் கொடுத்த பரிசு. அதற்கு மட்டும் அவன் கை எழவில்லை. கை எழாத ஓர் இடமாவது மனிதனுக்கு இருக்க வேண்டும். அந்தப் பதினாறு தூண் இல்லாவிட்டால் அவன் வெறும் தீ வைத்தவன்.

நம்மில் யாரும் விமானம் கட்டப்போவதில்லை. ஆனால் எதையாவது பிரித்துக் கட்டாமல் ஒரு வாழ்வும் நடப்பதில்லை. அலுவலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்கிறவர் முதல் வாரத்திலேயே முன்னவர் வைத்த ஏற்பாடுகளைத் தூக்கி எறிகிறார். அவற்றில் எது யாருக்குக் கொடுத்த வாக்கு என்று கேட்பதில்லை. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறுகிறது. கும்பாபிஷேகத் திருப்பணி என்று பழங்கோயில்களில் கல்லின் மேல் மணலைப் பீச்சி அடித்துத் தேய்த்ததில் எழுத்து மழுங்கிய சுவர்கள் எத்தனை! மின்கம்பிக் குழாய்க்காகக் கல்வெட்டின் நடுவே துளை போட்டிருப்பதைப் பார்க்கலாம். அதே கோயிலில் குழல்விளக்கின் வெளிச்சத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் சிவப்பு மையில் இருக்கும். 96 ஆடு கொடுத்தவர் பெயர் போய்விட்டது. குழல்விளக்கு கொடுத்தவர் பெயர் பளிச்சென்று தெரிகிறது. மழபாடிக் கல்வெட்டுகள் தப்பின. 1895இல் தொல்லியல் துறையினர் இரண்டாவது முறையாக அவற்றைத் தாளில் படியெடுத்தார்கள்; பிறகு அச்சேறின.

புதியது கட்ட வேண்டாம் என்று ராஜராஜன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழமையைப் பொத்திப் பொத்தி வைப்பதில் அவனுக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. தயங்காமல் இடித்தான். இடிபட்ட கல்லில் தங்கியிருந்த பொறுப்பை மட்டும் இடிபடவிடவில்லை. தானக் கல்வெட்டுகளின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவர் சொல்வது வழக்கம். கொடுத்தவர் அரசனாக இருந்தாலும் அப்படித்தான். பின்னால் வரப்போகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. பகைவனின் பேரனாகவும் இருக்கலாம். அவன் காலைத் தலையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துத்தான் எழுதுகிறான். அதிகாரத்தின் உச்சியில் இருக்கும்போதே, ஒருநாள் நான் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விடுவேன் என்று ஒப்புக்கொண்டவன் எழுத்து அது.

அப்பா காலமாகி, வீட்டைப் பாகம் பிரிக்க உட்காரும் அண்ணன் தம்பிகளுக்கு நிலம், நகை, பாத்திரம் எல்லாவற்றிலும் பேச்சு முற்றும். பீரோ அடியில் கிடக்கும் மொய் நோட்டுக்கு மட்டும் போட்டி இருக்காது. அட்டை கிழிந்து, காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அப்பாவின் கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் போகிறது. அதில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று எழுதியது நினைவும் இருக்காது. பழைய வீட்டை இடிக்கக் கொத்தனார் வந்து நிற்கிறார், செங்கல் லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நிற்கிறது. அந்த நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு வருகிற வைகாசி முகூர்த்தத்திலேயே மூன்று ஊருக்குப் போகவேண்டி இருக்கும். கையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாவது கழியும்.